தீ மூட்டியவள் பெயர்

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது உன் பாதி கீழே விழுந்தது. அட்டை இல்லாமல் இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் தொடங்கும் அரை நாவல். எடுத்து முகர்ந்தால் இன்னும் வார்னிஷ் வாசனை. அந்தக் காலத்தில் உன் விரல்களிலும் தலைமுடியிலும் அதே வாசனைதான். நீ கண்மூடி நான்கு மாதம்தான் ஆகிறது. கையில் அதை வைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படித்தோம். நான் ஆவடித் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். அப்பாவும் அங்கேதான் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பிக் காயில் சுற்றி வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தாய். கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வருவாய். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிற ரயிலில் பழக்கமாகி, ஒரே மாதத்தில் 'ங்க' போய் 'டி' வந்துவிட்டது.

பாடத்தில் இருந்த அந்தப் பழைய ஆங்கில நாவல் கடையில் ஒரே பிரதிதான் கிடைத்தது. நீ பிளேடை எடுத்து நடு முதுகில் கிழித்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. உனக்குச் சிரிப்பு. வாரம் ஒருமுறை ஆவடி பிளாட்பாரத்தில் பாதிகளை மாற்றிக்கொண்டோம்.

ஒரு மாளிகை, ஓர் உயில், அதற்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள். இதுதான் கதை. எல்லா அறையிலும் கணப்பில் தீ எரிந்துகொண்டே இருக்கும். தீ என்பது குடும்பப் பாசத்தின் குறியீடு என்று கைடு சொன்னது. நான் அதை மனப்பாடம் செய்தேன். நீ பென்சிலை வைத்துக்கொண்டு தீ வருகிற இடங்களையெல்லாம் எண்ணினாய். முப்பத்தெட்டு.

"எல்லா எடத்துலயும் 'தீ மூட்டப்பட்டிருந்தது'ன்னே கீதுடி," என்றாய். "யாரு மூட்டுனான்னு ஒரு எடத்துலயும் இல்ல. ஒரே ஒரு தபா, குளிர்ல பெரியவருக்குக் காய்ச்சல் வந்துடுது பாரு, அங்கதான் வேலைக்காரி வர்றா. 'அவள் தீ மூட்ட மறந்துவிட்டாள்.' குத்தம்னா மட்டும் ஆளு வருது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செயப்பாட்டு வினை என்பது இலக்கணக் கேள்வி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் ஓர் உத்தி, ஒரு வீட்டின் உழைப்பையே அதற்குள் ஒளித்துவைக்கலாம் என்று எந்தக் கைடும் எனக்குச் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவேண்டிய தேவையும் இல்லை. உன் அம்மா செங்குன்றம் ரைஸ் மில்லில் இருபது வருடம் பாய்லருக்கு உமி தள்ளியவர்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் எழுந்து இதைச் சொன்னாய். ஆங்கிலம் நொண்டியது. விரிவுரையாளர் கேட்டுவிட்டு, இது இலக்கிய வகுப்பு, யூனியன் கூட்டம் இல்லை என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அதை நீ பார்த்தாய். திரும்பும்போது வில்லிவாக்கம் தாண்டியதும், "நான் சொன்னது தப்பாடி?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்ப இங்கிலீஷ மட்டும் சரி பண்ணிக் குடு."

மூன்று மாதம், பிளாட்பாரம் பெஞ்சில், உன் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். நீ பார்த்ததை நான் மாற்றவில்லை. வினைச்சொற்களை மட்டும் நிமிர்த்திவைத்தேன். ஆனாலும் பரீட்சைக்கு முந்தின வாரம் பயந்துபோய், கைடு சொன்னதையே எழுதிவிடு என்று உன்னிடம் கெஞ்சினேன். காரணம் இருந்தது. இந்தத் தடவை தவறினால் படிப்பு போதும், பூந்தமல்லியில் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டவேண்டும் என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். நீ யோசித்துவிட்டு, பாஸ் பண்ணுவதற்காகப் பொய் எழுதினால் அப்புறம் படித்ததற்கு என்ன அர்த்தம் என்றாய். கேள்வித்தாளில் தீயைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். நீ மூன்று தடவை கூடுதல் தாள் வாங்கியதை என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே நான் கைடை எழுதினேன்.

மதிப்பெண் பட்டியல் வந்த அன்று சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மூச்சிரைக்க நின்றாய். அந்தத் தாளில் உனக்கு எழுபத்தொன்று. எனக்கு ஐம்பத்து நான்கு. ஒரு நொடி பொறாமைதான் வந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன். அடுத்த நொடி உன்னைக் கட்டிக்கொண்டு தெருவே பார்க்கக் குதித்தேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனோம். என்ன எழுதி இத்தனை மார்க் என்று உன் அம்மா கேட்க, நீ கதையைச் சொன்னாய். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நெருப்பு வெச்சவ பேரு இன்னா?" என்றார். புத்தகத்தில் பெயர் போடவில்லை என்றாய். "போடாட்டி போறான். நீ பாத்துட்ட இல்ல," என்றார் அம்மா. அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் எம்.ஏ. விண்ணப்பத்தை வாங்கிவந்தது அவர்தான்.

அடுத்த வருடம் ஒரு ஜூனியர் பெண்ணின் வகுப்புக் குறிப்பை வாங்கிப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? அதே விரிவுரையாளர் சொல்லி எழுதவைத்தது: 'தீ மூட்டியவர் மறைக்கப்படுவதாகவும் கருதப்படுகிறது.' எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ பெஞ்சில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய். "பாத்தியாடி, நானும் செயப்பாட்டு வினை ஆயிட்டேன்." அந்தப் பெண்ணிடம் பேனா வாங்கி, வரிக்குப் பக்கத்தில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். வகுப்பில் தலைகுனிந்ததற்கு என்னால் முடிந்த பதில் அது.

பிறகு நீ கல்லூரியில் பாடம் நடத்தப் போனாய். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பென்சிலோடு படிக்கக் கற்றுக்கொடுத்தாய். நான் டைப்ரைட்டர் முன்னாலேயே இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஷெட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. துப்புரவுப் பெண்கள் நான்கு பேர் இரண்டு நாள் சேறு அள்ளினார்கள். அறிவிப்பில் 'கூடம் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி டைப் செய்யக் கொடுத்தார்கள். நான் நான்கு பெயரையும் விசாரித்து, 'இவர்கள் சுத்தம் செய்தார்கள்' என்று அடித்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏன் என்று கேட்டார். அவர்கள்தானே சார் செய்தார்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அந்த நான்கு பேரும் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராக வாசிக்க, பெயர் வந்தவள் ஒவ்வொருத்தியும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஓய்வு பெறும்வரை அப்படியேதான் டைப் அடித்தேன். இன்றைக்கும் செய்தித்தாளை விரித்தால் என் கண் முதலில் எழுவாயைத்தான் தேடுகிறது.