பன்னிரண்டாவது பிரதி

மார்ச் 3, செவ்வாய்

இந்த வாரமும் நாலு நாவல் வந்து குவிந்திருக்கிறது. நாலிலும் முதல் பக்கத்தில் மழை. இவர்கள் ஊரில் வெயிலே அடிக்காதா? எழுத வருகிறவர்களுக்கு ஒரு துப்பு: முதல் அத்தியாயத்தில் ஒருவரை இரும விட்டால், பன்னிரண்டாவதில் அவர் போய்ச் சேருவார் என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அப்புறம், கண்ணாடி முன் நின்று தன் அழகைத் தானே வர்ணிக்கும் கதாநாயகியைத் தயவுசெய்து பல் தேய்க்க அனுப்புங்கள்.

என் முறை எளிது. முதல் முப்பது பக்கம், கடைசிப் பத்துப் பக்கம். நடுவில் இருப்பதெல்லாம் ஊளைச்சதை. பதினெட்டு வருடமாக வார இதழில் ‘படித்துத் தொலைத்தவை’ விமர்சனப் பத்தி இப்படித்தான் ஓடுகிறது. ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

பச்சை அட்டை போட்ட ஒன்று. எழுதியவர் பல் மருத்துவமனை வரவேற்பில் டோக்கன் கொடுக்கிறாராம், பின்னட்டையில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். மகள் வீட்டை விட்டு ஓடிப்போகிறாள், அம்மா முப்பது பக்கம் மூக்கைச் சிந்துகிறாள். கடைசியில், பத்தொன்பது வருடம் கழித்து, மகள் அம்மா வீட்டு வாசலில் நிற்கிறாள். தட்டுகிறாள். ‘கதவு திறந்தது.’ அவ்வளவுதான்!

அட. கட்டிப்பிடித்து ஒப்பாரி இல்லை. ‘முற்றும்’கூடப் போடவில்லை. என்ன துணிச்சல்! குருட்டு அதிர்ஷ்டமாகத்தான் இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

பத்தி வந்துவிட்டது. நார் நாராகக் கிழித்துவிட்டு, கடைசியில் ஒரு பிச்சை போட்டேன்: ‘கதை வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை.’

மார்ச் 14, சனி

டோக்கன் அம்மாவிடமிருந்து கடிதம். ‘சார், வாசற்படிக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். யோசித்தேன், சரிதான். ஏப்ரல் 6 இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. கடைசிப் பதினாறு பக்கத்தையும் எடுத்துவிடுகிறேன்.’

எந்தப் பதினாறு பக்கம்?

மார்ச் 15, ஞாயிறு

கீழ்வீட்டில் அக்கா இருக்கிறாள். இந்த மாதிரிப் புத்தகம் ஒன்று விடமாட்டாள். நான் கேலி செய்யாத நாள் இல்லை. பச்சை அட்டை அவளிடமும் இருந்தது. அவளுடையதில் 224 பக்கம். என்னுடையதில் 208. பைண்டிங்கில் கடைசிப் பாரம், அந்தப் பதினாறு பக்கக் கட்டு, அப்படியே விட்டுப்போயிருக்கிறது.

அங்கேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்து படித்தேன். கதவைத் திறக்கிற அம்மா அழவில்லை, திட்டவில்லை. “காலைத் துடைச்சுட்டு வா. இப்பதான் தரையைக் கழுவினேன்” என்கிறாள். அந்தப் பெண் மிதியடியில் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள். அம்மா கதவைப் பிடித்தபடி நிற்கிறாள்.

அந்த இடத்தையே மூன்று தடவை படித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா கொதித்துவிட்டாள். “அதை எடுத்துட்டா புத்தகத்துல என்னடா மிச்சம்? ஏன்டா, நீ படிச்சியா இல்லையா?”

நான் மாடிப்படி ஏறிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

வார இதழ் ஆசிரியரிடம் போனில் சொன்னேன். “சும்மா விடுங்க சார். யாருக்குத் தெரியப்போகுது? நீங்க ஒத்துக்கிட்டா பத்தியை நிறுத்தணும், பத்திரிகை மானமும் சேர்ந்து போகும்.”

நியாயம்தானே? பதினெட்டு வருஷம்! அந்தம்மா என்ன காவியமா படைச்சுட்டா? பதினாறு பக்கம், போனா போகட்டும்.

காலைத் துடைச்சுட்டு வா — சனியன், மண்டையை விட்டுப் போகமாட்டேங்குது.

மார்ச் 18, புதன்

பல் மருத்துவமனைக்குப் போனேன். தாடையில் இறக்கிவிட்ட முகக்கவசம், கையில் டோக்கன் கட்டு. நிமிராமலே “பல்லா, ஈறா?” என்றார்.

“விமர்சனம்” என்றேன்.

எழுந்து நின்றுவிட்டார். உள்ளே யாருக்கோ பல்லைக் குடைகிற சத்தத்துக்கு நடுவில், என் பிரதி 208ஆம் பக்கத்தோடு நின்றதைச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். சிரித்தார்.

“பன்னிரண்டாவது உங்ககிட்டயா இருந்துச்சு! மொத்தம் பன்னிரண்டு பிரதியில அந்தப் பாரம் விட்டுப்போச்சு சார். பதினோரு பேர் பதிப்பாளரைக் கூப்பிட்டு ஒரே சண்டை. கதவைத் திறந்து அம்மா என்ன சொன்னா, அதைச் சொல்லுங்க முதல்லன்னு. ஒருத்தர் மட்டும் கேட்கவே இல்ல. அவருக்குக் கதை ஒட்டவே இல்லையோன்னு நானும் நினைச்சு நினைச்சுப் பார்த்தேன்.”

கிண்டலே இல்லை அந்தக் குரலில். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு வந்திருப்பேன்.

“அப்ப அந்தப் பதினாறும் இருக்கட்டுமா சார்?”

“இருக்கட்டும்மா. அவசியம் இருக்கணும்.”

“நடுவுல ஏதாவது குறைக்கணுமா? நூத்திப் பத்தாம் பக்கத்துல ஆஸ்பத்திரி கட்டம் இழுக்குதுன்னு எனக்கே ஒரு சந்தேகம். உங்களுக்கு எப்படிப் பட்டுது?”

பதினெட்டு வருடத்தில் ஒரு எழுத்தாளர் என்னிடம் நேரில் கேட்ட முதல் கேள்வி. நூத்திப் பத்தாம் பக்கத்துக்கு நான் போயிருந்தால்தானே! அதற்குள் அடுத்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தப்பித்தேன். சீ, என்ன பிழைப்பு இது?

மார்ச் 29, ஞாயிறு

கடைசிப் பத்தி. விட்டுப்போன பதினாறு பக்கத்தைப் பற்றியும் எழுதினேன், பதினெட்டு வருடமாக நான் படிக்காமல் விட்ட நடுப் பக்கங்களைப் பற்றியும் எழுதினேன். ஆசிரியர் ஒரு எழுத்தும் வெட்டாமல் போட்டுவிட்டு, என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டியாம். அதையாவது முழுசாகப் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்காவின் பச்சை அட்டை, முதல் பக்கத்திலிருந்து. மழைதான், வேறென்ன. இருமுகிற மாமா ஒருவரும் இருக்கிறார். எழுபதாம் பக்கம்வரை திட்டிக்கொண்டே போனேன், அப்புறம் திட்ட மறந்துபோனது.

“எந்தப் பக்கம்டா?” அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

“நூத்திப் பத்து.”

இழுக்கத்தான் செய்கிறது. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசுகிற இரண்டு பாராவை எடுத்தால் போதும், மற்றதில் கை வைக்கக் கூடாது. திங்கள்தான் அச்சு. கிளினிக் காலையில் ஒன்பது மணிக்குத் திறக்கும்.