மூச்சு படிந்த கண்ணாடி

நலம் பெருகுக. மேகம் தங்கும் சிகரங்களும் வற்றாத சுனைகளும் உடைய கூதிர்மலை நாட்டை ஆளும் மழைவல்லி நாச்சியார், தலைநகர்க் கோட்டையின் வடவாயில் காக்கும் தளபதி சேந்தன் கொற்றனாருக்கு, கோட்டைக்கு வெளியே உள்ள விண்மேடைக் குன்றிலிருந்து விடுக்கும் திருமுகம். உம் வேல் மழுங்காதிருக்க. உம் காவலர் கண் அயராதிருக்க. உம் இல்லத்து அடுப்பு அணையாதிருக்க.

இவ்வோலையைப் படித்து முடிக்கும்வரை வில்லாளர் எவரும் நாண் ஏற்றலாகாது என்பது முதற் கட்டளை.

நம் குடியின் வழக்கம் நீர் அறிந்ததே. அரசமனையில் பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் ஒரு விண்மீன் உரித்தாக்கப்படும். அம்மீன் அவிந்தால் அவ்வுயிரும் அவிந்தது என்று கொண்டு ஈமக்கடன் செய்வோம். அதன்பின் அவ்வுருவில் வாயிலுக்கு வருவது எதுவாயினும், நம் பெயர் சொல்லி அழைத்தாலும், கதவு திறவோம். எல்லைப் போருக்குச் சென்ற என் தம்பி கடம்பவேளுக்கும் எனக்கும் வாய்த்தவை அருகருகே உள்ள இரு மங்கலான மீன்கள். வெறும் கண்ணுக்கு அவை எட்டுவது அரிது. ஆகவே மரக்கல வணிகர் காணிக்கையாகத் தந்த தொலைநோக்குக் குழலை நான் பெரிதும் நம்பினேன். வானநூல் கற்றவர் எவரையும் அதன் கிட்டே விடவில்லை. அரசி பார்த்தால் போதாதா என்ற செருக்கு எனக்கு.

சென்ற அமாவாசை இரவில் தம்பியின் மீன் இருந்த இடம் இருளாகத் தெரிந்தது. கண்டதுமே குழலைத் தள்ளிவிட்டு அழுதேன். மற்ற மீன்கள் தெரிகின்றனவா என்று பார்க்கவேயில்லை. ஈமக்கடனும் செய்வித்தேன். நேற்று மாலை, அவன் உருவில் ஒன்று வடவாயிலில் வந்து நிற்பதாக நீர் ஆள் விடுத்தீர். அது கதவை இடிக்கவில்லை என்றும், சினக்கவில்லை என்றும், அக்காவிடம் சொல்லுங்கள், குளிர் தாங்கவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பக் கூறுவதாகவும் அறிவித்தீர். விடியலில் தீயம்பு எய்து விரட்டுக என்று ஆணையிட்டேன். ஆணையிட்ட பிறகு உறக்கம் வரவில்லை. மெய்காவற்பெண் அலரியை மட்டும் அழைத்துக்கொண்டு இக்குன்றேறினேன்.

பனி எலும்பைத் துளைத்தது. குழலில் கண் வைத்தேன். தம்பியின் மீன் இல்லை. சற்றுப் பொறுத்து என் மீனும் இல்லை. பின்னர் வானமே இல்லை. அப்போதுதான் புத்திக்கு எட்டியது: என் மூச்சே கண்ணாடியில் மூட்டமாய்ப் படிந்திருந்தது. மேலாடைத் தலைப்பால் துடைத்தேன். கடம்பவேளின் மீன் கடுகளவில் பளிச்சென்று நின்றது. கொற்றனாரே, அவன் உயிரோடிருக்கிறான். உயிரோடிருப்பவனை இரவெல்லாம் பனியில் நிறுத்தியிருக்கிறோம்.

மகிழ்ச்சியில் வாய்விட்டுச் சிரித்தேன். எழுந்து ஓடிவந்திருக்க வேண்டும்; ஆனால் கண்ணை எடுக்க மனம் வராமல் அவன் மீனையே பார்த்தபடி அமர்ந்திருந்தேன். கை விறைத்தது. பிறகு விறைப்பும் போயிற்று, குளிரே தெரியவில்லை.

எழுந்து நின்று, குழலை மயிரிழை நகர்த்தி என் மீனைத் தேடினேன். சுற்றிலும் மீன்கள் தெளிவாயிருந்தன. என் இடம் மட்டும் இருண்டிருந்தது. மறுபடியும் மூச்சுதான் படிந்தது என்று துடைத்தேன். துணி உலர்ந்தே இருந்தது. கண்ணாடியை வாயருகே கொணர்ந்து வேண்டுமென்றே ஊதினேன். மூட்டம் படியவில்லை. மீண்டும் ஊதினேன். அலரியை அழைத்தேன். அவள் என் முகத்தை நோக்காமல், நான் அமர்ந்திருந்த இருக்கையையே நோக்கி நடுங்கினாள். அங்கே என்ன இருக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அச்சமாயிருக்கிறது, கொற்றனாரே.

ஆகவே ஆணையாவது: ஓலை கண்டவுடன் கடம்பவேளுக்குக் கதவு திறந்து, கனல் மூட்டி, வெந்நீரும் கஞ்சியும் தருக, இத்துடன் வரும் முத்திரை மோதிரத்தை அவன் விரலில் இடுக. ஓலை கொணரும் அலரியையும் உள்ளே விடுக. அவள் மூச்சு புகைவதை நான் பார்த்தேன். இருவரும் புகுந்ததும் கதவை அடைத்துத் தாழிடுக.

விடியுமுன் நானும் வடவாயிலுக்கு வருவேன். கால்கள் இப்போதே அப்பக்கம் திரும்புகின்றன. தம்பியின் பெயரைச் சொல்லி அழைப்பேன். இவ்வோலையை நான் எழுதவேயில்லை என்றும் கூறுவேன்.

இதற்குச் சான்றாக என் கையால் அரக்கு உருக்கி, மோதிரம் பதித்து விடுத்தேன். குளிர் தாங்கவில்லை என்று நான் அழுதால் நம்ப வேண்டா. திறவாதிருப்பீராக. இது மழைவல்லியின் கடைசி ஆணை.