ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

மார்ச் 3
அக்கா மகள் வாலுவின் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வலிக்கிறதா என்று அமுக்கினால் சிரிக்கிறாள். அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 9
வாலுவின் கையில் சோதனைக்கு ஊசி போட்ட இடம் தடித்துவிட்டது. காசநோயாக இருக்கலாமாம். "வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?" என்றார் டாக்டர். அக்கா, அத்தான், வாலு மூவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான்?

மார்ச் 10
என் டம்ளர் தனியாக ஜன்னலோரம் போய்விட்டது. அடையாளத்துக்குச் சிவப்பு நூல் வேறு. அக்கா நேரே சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வாலுவை என் மாடி அறைக்கு விடுவதில்லை. கீழே படியில் நின்று "மாமா, யானை சவாரி!" என்று கத்துகிறாள். என்னாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சா? ச்சே— போதும்.

மார்ச் 12
எனக்கு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் ஆனது. அந்த ஊசி காசநோய்க் கிருமிக்கும் தடிக்குமாம், அதன் பங்காளிக் கிருமிகளுக்கும் தடிக்குமாம். வாலுவின் ரத்தத்தைப் பார்த்தால் பிரித்துச் சொல்ல வழியுண்டு. ஆனால் லேப் பக்கத்து ஊரில். "கம்பெனி வண்டியில நானே கொண்டு போறேன்" என்றேன். "வெயில்ல வச்சிடாதீங்க" என்றார் நர்ஸ். யாரிடம் சொல்கிறார்! ரத்தம் பிடித்த குழாய்களைப் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே புதைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி, ஜில்லென்று கொண்டு சேர்த்தேன்.

மார்ச் 13
லேபிலிருந்து போன். "ரத்தத்துல இருக்கிற அணு உயிரோட இருந்தாத்தாங்க பதில் சொல்லும். இப்படி விறைக்க வச்சுக் கொண்டாந்தா அது என்னத்தைச் சொல்லும்?" வாலுவுக்கு மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும்.
அத்தான்: "இவன்கிட்டப் போய்க் குடுத்தோம் பாரு."

மார்ச் 14
வாலு அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். என்னை முறைத்தாள் பாருங்கள், அப்பப்பா. இந்த முறை குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏசிகூடப் போடாமல், வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் 18
ரத்தம் பேசிவிட்டது! காசநோய்க் கிருமியை அதற்கு அடையாளமே தெரியவில்லை. என் சளியும் சுத்தம், எக்ஸ்ரேயும் சுத்தம்.
"பங்காளி வேலையாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். "மண்ணுலயும் தண்ணியிலயும் கிடக்கிறது. இவர் இருமி வந்ததில்ல. கட்டியை எடுத்துடலாம், அந்தச் சதையையும் ஒரு தடவை பாத்துக்கலாம். ஏன் பாப்பா, மண்ணு திம்பியா?"
"அப்பாவோட பூந்தொட்டியில!" என்றாள் வாலு பெருமையாக.
எல்லோரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தோம். நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன்.

மே 6
வாலுவுக்குக் கட்டி எடுத்த தையல் பிரித்து நாளாயிற்று. சதையிலும் பங்காளிதான் என்று இன்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

மே 7
காலையில் ஜன்னலோரம் டம்ளரைக் காணவில்லை. அடுப்படியில் எல்லா டம்ளர்களும் சேர்ந்து கவிழ்ந்திருந்தன. எதிலும் நூல் இல்லை.
"இதுல என்னுது எது அக்கா?"
அக்கா திரும்பாமலே சொன்னாள்: "ஏதோ ஒண்ணை எடுத்துக் குடியேன்டா."
நான் எடுப்பதற்குள் வாலு முதுகில் ஏறிவிட்டாள். யானை சவாரி போய்க்கொண்டே குடித்ததில் பாதி டீ சட்டையில்.