தப்புக்கும் மார்க் போடுகிற டீச்சர்

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சபரீஷ் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், உங்கப்பாவின் முழங்காலைத் தவிர. ஜெர்மனிக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாயிருக்க அங்காளம்மன் துணை.

போன் உன் தங்கை கையில். விஷயம் தெரிந்தால் என்னை உரித்துவிடுவாள் என்பதால் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். முதலில் என் மானம் போன கதை. உன் தங்கை கனிஷ்கா ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில், அரையாண்டிலும் தேறாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். தலையைக் குனிந்தே போனேன். புதுக் கணக்கு டீச்சர் சாஜிதா பேகம், இந்த வகுப்பிலேயே கூர்மையான மூளை இவளுக்குத்தான் என்றார். ஏனுங்க டீச்சர், ஆளு மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க, எம் புள்ள பேரு கனிஷ்காங்க என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவரே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை சாமி. சுலபமான கணக்கு இவளுக்குப் பார்த்ததும் வந்துவிடுகிறதாம், வராவிட்டால் உடனே பேனாவை மூடிவிடுகிறாளாம். முட்டிக்கொண்டு நின்றால் அடுத்து என்ன செய்வதென்று பழகவே இல்லையாம். யாருங்க பழக்கோணும் என்றேன். ஊட்டுல முட்டிக்கிட்டு நிக்க உடறீங்களாங்க என்று கேட்டார் பார், நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். பொத்தானிலிருந்து சைக்கிள் செயின் வரை, குடு கண்ணு என்று நான் பிடுங்கிச் செய்கிறேன், உங்கப்பா ஆரஞ்சுக்கு நார் உரித்துத் தருகிறார், கணக்கை நீ வீடியோவில் போட்டுக் கொடுக்கிறாய்!

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா, வீட்டில் நிஜமான சிக்கல் ஒன்றை அவளிடம் விட்டுவிட்டு நாம் வாயைத் திறக்கக் கூடாதாம். நல்ல தண்ணீர் பிடிக்கிற பாட்டை அவளிடம் விட்டேன். வாரம் ஒரு தரம் வந்து, நூலாக விழுந்து, பாதிக் குடம் நிறைவதற்குள் நின்றுபோகும் என்று உனக்குத் தெரியும். முதல் வாரம் குழாயில் மாட்டிய டியூப் பிடுங்கிக்கொண்டு, வந்த கொஞ்சத் தண்ணீரும் வாசலில் ஓடிப்போனது. முடியாதுங்கம்மா என்று மூஞ்சியைத் தூக்கி உட்கார்ந்தாள். யோசனை சொல்ல வாய் நமநமவென்றது, முந்தானையைக் கடித்துக்கொண்டேன். டீச்சர் பழக்கியபடி, என்ன தெரியும், என்ன வேணும், எங்க முட்டுது என்று முனகிக்கொண்டே சுற்றினாள். வேகமில்லாத தண்ணீர் மேலே ஏறாது, குழாய் உயரத்தில் இருப்பதுதான் கோளாறு என்று அவளே கண்டுபிடித்து, பிளம்பரைக் கூப்பிட்டு, கேட் ஓரக் குழிக்குள் தாழ இறக்கவைத்தாள். அடுத்த வாரம் டம்ளர்கூடக் காலியில்லை. நான் வாயைப் பிளந்துபோட்டேன்.

அரையாண்டுத் தாள் வந்ததும் மறுபடி அதிர்ந்தேன். ஒரே கணக்கை மாற்றி மாற்றிப் போட்டு அடித்திருக்கிறாள், அடித்த இடத்துக்கும் டீச்சர் மார்க் போட்டிருக்கிறார். தப்புக்கு மார்க்! எங்கள் வாத்தியார் முதுகில்தான் போட்டார், நான் நாலாவதோடு ஓடிவந்துவிட்டேன். உன் தங்கை தேறிவிட்டாள் கண்ணு, எல்லைக்கோட்டை ஒட்டித்தான், ஆனால் தேறிவிட்டாள். டி.சி. பேச்சே இல்லை.

ஆகவே இனி அவள் எத்தனை கெஞ்சினாலும் விடையைச் சொல்லாதே, சொன்னால் முறுக்குப் பார்சல் வராது. நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு.

உன் அம்மா,
புவனா

பி.கு.: சாமான் அறைத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு திறக்க வரவில்லை, நான் உள்ளே. கனிஷ்காவைக் கூப்பிட்டேன். வந்தாள். ஏனுங்கம்மா, உங்களுக்கு என்ன தெரியும், என்ன வேணும், எங்க முட்டுது, யோசிங்க என்று வெளியே நின்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தக் கடிதம் தபாலில் சேரச் சற்றுத் தாமதமாகும்.