வேலிக்கு வெளியே இருந்த மண்மேடு

நம் பிள்ளையின் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த இரண்டாவது சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள், எல்லாப் புனிதர்களுக்குமான திருநாள், நேற்று. ராகி அறுப்பில் இடுப்பு விட்டுப்போச்சு, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஆனாலும் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது உபதேசியார் திருநாளின் கதையைச் சொன்னார். ரோமாபுரியில் வேதத்துக்காக உயிர்விட்டவர்கள் ஏராளம். ஆளுக்கொரு நாள் வைக்க வருஷம் போதாமல், எல்லாருக்கும் சேர்த்து ஒரே திருநாள் வைத்தார்களாம். பழைய தேவர்களின் கோயிலை ஒரு போப்பாண்டவர் மாதாவுக்கும் அந்த வேதசாட்சிகளுக்கும் ஒப்புக்கொடுத்தது மே மாதத்தில். பின்னால் வந்தவர்கள் திருநாளை நவம்பர் முதல் தேதிக்கு மாற்றினார்கள். பெயர் தெரியாத புனிதர்களுக்கும் இதில் பங்குண்டு என்று நீங்கள் குரலை உயர்த்துவீர்களே, அதை அந்த மனுஷன் விட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நமக்கும் பெயர் வைக்காத ஒன்று இருக்கிறதே. உத்தனப்பள்ளியில் சாகக் கிடந்த யார் பிள்ளைக்கோ ஞானஸ்நானம் கொடுக்க நீங்கள் போயிருந்த அன்றுதான் பிறந்தான். அரை நாழிகை மூச்சிருந்தது. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரின் பெண்டாட்டி நான். தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன்?

ஞானஸ்நானம் இல்லாததால் அவனைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைக்க விட்டார்கள். நீங்கள் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த மழையில் அந்தப் பக்கத்துக் கள்ளி வேலி சரிந்து கிடந்தது. இன்றைய கல்லறைத் திருநாளுக்குள் திரும்ப நட வேண்டும் என்று நேற்றுப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் சொன்னார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சாமி, திருநாளையே மே மாசத்துலருந்து நவம்பருக்கு நவுத்தியிருக்காங்க. இந்த வேலிய நாலு முழம் நவுத்தக் கூடாதா?"

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார். பிறகு வேலி நட எடுத்து வைத்திருந்த கடப்பாரையை என்னிடம் நீட்டினார். "ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாளைக்குக் காலையில வந்து, வேலிக்குள்ள இருக்குற மண்ணெல்லாம் தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பேன்."

அவனைப் புதைத்த மண்மேட்டுக்கு அந்தப் பக்கமாகக் கள்ளியைப் பொழுது சாயும்வரை நட்டேன். கையெல்லாம் முள் கிழித்துவிட்டது, போகட்டும். இன்று காலை அவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து, அந்த மண்மேட்டுக்கும் தெளித்தார். பத்தொன்பது வருஷம் கழித்து அவன்மேல் தண்ணீர் விழுந்தது. ஐயோ, நான் அழுத அழுகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கள்ளி வேர் பிடிக்கும்வரை தினமும் போய்ப் பார்ப்பேன். என் காலம் வந்தால் அவன் பக்கத்தில்தான் இடம் கேட்பேன், உங்கள் பக்கத்தில் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா