ஆக்சிஜன் ஒரு உலோகம்

என் வாயாடிக்கு,

பிரசவத்துக்கு அப்பா மட்டும் வந்தால் போதும்னு சொன்னியாம். நல்லதுதான், எனக்கும் வேலை தலைக்கு மேல இருக்கு.

பழைய நட்சத்திரக் கொத்துகள்ல எவ்வளவு உலோகம் இருக்குன்னு பார்த்துக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தலைமுறை நட்சத்திரமும் சாகும்போது கொஞ்சம் உலோகத்தை விட்டுட்டுப் போகும். அதை வெச்சுத்தான் நம்ம பால்வெளி வளர்ந்த கதையைச் சொல்றோம். இந்த வாரம் ஒரு கொத்து மாட்டுச்சு. அதே வயசுள்ள மத்ததைவிட அதுல உலோகம் ரொம்பக் கம்மி. "இது இங்க பிறந்ததில்ல, வெளியிலேர்ந்து வந்தது"ன்னு கூட வேலை செய்றவர் சட்டுனு சொல்லிட்டார். "எத்தனையோ கோடி வருஷமா இங்கேயேதானே சுத்துது!"ன்னு அவர்மேல எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவர் சொன்னது சரிதான்.

ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மத்ததெல்லாம் எங்க பாஷையில உலோகம்தான். நான் உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல, அதை என்கிட்ட கேட்டுட்டுப் போய், ஆக்சிஜன் ஒரு உலோகம்னு பரீட்சையில எழுதி முட்டை வாங்கினியே, ஞாபகமிருக்கா? யார் சொல்லிக்கொடுத்ததுன்னு டீச்சர் அதட்டினப்போ, "எங்கம்மா"ன்னு சொன்னியாம். என்னைக் கூப்பிட்டுத் திட்டினாங்க. திட்டு வாங்கிட்டு வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
உன் சித்தி