மேல் கோர்ட் கேட்காத சாட்சி

சிரம்பான்
3 மே 1943

என்றும் அன்பு மாறாத அண்ணாவுக்கு,

தங்கை யோகம் எழுதுவது. சித்தியும் நானும் சுகம். மச்சாளுக்கு இருமல் குறைந்ததா? சிங்கப்பூரை இனி, ஜப்பான்காரர் வைத்த பெயரில், சியோனான் என்றே எழுத வேண்டுமாம். எனக்கு வாயில் வரவில்லை. தபாலில் போட்டால் நாலு பேர் பிரித்துப் படிப்பார்கள். அதனால் ரயில் கார்டு பாலகிருஷ்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சோங் பகார் கிட்டங்கியில் அரிசி மூட்டைகள் களவு போன அன்று, மத்தியானம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உங்கள் சிநேகிதர் சிலுவைராஜ் நம் வீட்டில்தான் இருந்தார். நீங்களும் மச்சாளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீர்கள். பின்வளவில் மரவள்ளிக்குப் பாத்தி வெட்டித் தந்தார். பிறகு பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அவரைப் பிடிக்கும், அண்ணா. புருஷனை இழந்தவளுக்கு, அதுவும் ஒரு கிறிஸ்தவ வேதக்காரரை, எப்படிப் பிடிக்கலாம் என்பீர்கள். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

அந்தக் களவுக்காக அவரைப் போலீஸ் பிடித்த மறுநாளே என்னை ரயில் ஏற்றிவிட்டீர்கள். ஆனாலும் வழக்கை உங்கள் லோயரிடம் நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்று கேள்விப்பட்டு அழுதேன். அவர் என் பெயரைச் சொல்ல மாட்டார். கடற்கரையில் தனியாக நடந்தேன் என்று சொல்லிவிட்டு நிற்பார். லோயரின் குமாஸ்தா நீங்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் வந்து சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன்.

உங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
யோகம்

---

சியோனான்
12 மே 1943

அன்புத் தங்கச்சி யோகம் அறிவது,

மச்சாளுக்கு இருமல் தேவலை. மரவள்ளி முழங்கால் உயரம் வந்துவிட்டது. பாத்தி வெட்டியது யார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்கு மண்வெட்டி பிடிக்க வராது.

அவசரப்படாதே பிள்ளை. கூண்டில் ஏறிய பெண்ணிடம் என்னென்ன கேட்பார்கள் என்று இருபது வருடமாகப் பார்க்கிறேன். கதவு சாத்தியிருந்ததா என்று தொடங்குவார்கள். எதிர்ப்பக்கத்தில் கிட்டங்கிக் காவல்காரன் மருதப்பன் ஒருவன்தான் 'நான் பார்த்தேன்' என்கிறான். குறுக்கு விசாரணையில் அவன் தாங்க மாட்டான். தப்பித் தவறித் தோற்றாலும் மேல் கோர்ட் இருக்கிறது. தேவையென்றால் அங்கே வந்து சொல்லலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்
அம்பிகைபாகன்

---

சிரம்பான்
20 ஜூன் 1943

அன்புள்ள அண்ணா,

நாலு வருடச் சிறையா? பாலகிருஷ்ணன் வாசலில் நின்று சொன்னார். நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். நீதிபதி மருதப்பனை நம்பினாராம், இவரை நம்பவில்லையாம்.

மேல் கோர்ட் என்றைக்கு? பயண அனுமதிக்கு எழுதிப் போடுங்கள். கதவு சாத்தியிருந்ததா என்று கேட்டால், சாத்தியிருந்தது என்றே சொல்வேன். சித்தியிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பச்சைச் சேலையை எடுத்து வந்து, "வெள்ளையோடை கோட்டுக்குப் போகாதை பிள்ளை, இதைக் கட்டிக்கொண்டு போ" என்றா.

நான் தயார்.

யோகம்

---

சியோனான்
5 ஜூலை 1943

அன்புத் தங்கச்சிக்கு,

நீ வரவேண்டாம். மேல் கோர்ட்டில் வழக்கைத் திரும்ப நடத்த மாட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் எழுதி வைத்ததைப் படிப்பார்கள். அந்த நீதிபதி சட்டத்தைப் பிழையாக எடுத்தாரா, சாட்சியமே இல்லாமல் தீர்த்தாரா, தண்டனை மிஞ்சிப்போனதா என்று பார்ப்பார்கள். யாரை நம்புவது என்பதில் லேசில் கை வைக்க மாட்டார்கள். மருதப்பன் பேசும்போது அவன் முகத்தைப் பார்த்தவர் கீழ் நீதிபதி. புதுச் சாட்சியை எடுப்பது அபூர்வம். அதுவும், விசாரணையிலேயே கொண்டுவந்திருக்கக் கூடிய சாட்சியை எடுக்கவே மாட்டார்கள்.

லோயரிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை ஏன் அப்பவே சொல்லேல்லை, அம்பிகைபாகன்?" என்றார். உன் மே மாதக் கடிதத்தைக் காட்டினேன். அதுதான் இப்போது நமக்கு எதிரி. நீ அப்போதே வரத் தயாராக இருந்தாய் என்று அதில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனாலும் மனுப் போடுகிறார்.

அண்ணன்

---

சிரம்பான்
9 ஜூலை 1943

அண்ணா,

மே பன்னிரண்டாம் தேதி எனக்கு எழுதியபோது இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? மச்சாளின் இருமலைப் பற்றியெல்லாம் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

யோகம்

---

சியோனான்
18 செப்டம்பர் 1943

யோகம்,

உன்னைச் சாட்சியாக எடுக்கக் கேட்ட மனு தள்ளுபடி. தீர்ப்பு நிற்கிறது. தண்டனையில் ஒரு வருடம் குறைத்திருக்கிறார்கள்.

தெரியும். இந்த மனுக்களை நகல் எடுத்தே நரைத்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? மருதப்பனை உடைத்துவிடலாம், அவரும் தப்புவார், உன் பெயரும் சந்தியில் இழுபடாது என்று நம்பினேன். உன்னை அங்கேயே நிறுத்தி வைக்க ஒரு பொய் சொன்னேன். தங்கச்சிக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சிறையில் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. "யோகம்மா வராம இருந்ததே நல்லதுங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. திட்டி எழுது, பிள்ளை. ஆனால் எழுது.

அண்ணன்

---

சியோனான்
2 பிப்ரவரி 1944

அண்ணா,

நானும் சியோனானில்தான் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவருடைய அத்தை பிலோமினம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அவர் சிறையிலேயே இறந்துவிட்டார். வீக்கம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். அத்தை ஆள் அனுப்பினா. நான் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். நேற்று ஒஃபிர் ரோடு மாதா கோயிலில் பூசை வைத்து அடக்கம் செய்தோம். நீங்கள் பின்வரிசையில் நின்றதைப் பார்த்தேன். கூப்பிடத் தோன்றவில்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். திட்டி எழுதச் சொன்னீர்கள். திட்டினால் நாம் பேசிக்கொண்டே இருப்போம்; எனக்கு இனிப் பேச முடியாது. மச்சாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நாளைக்குச் சிரம்பானுக்குத் திரும்புகிறேன். உங்கள் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். உடலை வாங்கப் போனபோது சிறை வாசலில் இருந்தவர் பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து, "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டார். மனைவி என்று சொன்னேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தா, மறுத்துச் சொல்லவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை, அண்ணா. கதவைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்.

யோகம்